எண்பத்தேழாம் பக்கம்

ஆகஸ்ட் 4

படித்தது: 2 மணி 40 நிமிடம்.

யூடியூபில் கணக்கு நடத்தும் சார் ஒருவர், படித்த நேரத்தைத் தினமும் எழுதி வைத்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது என்று சொன்னார். அதற்காகத்தான் இந்த நோட்டு. நான்கு மாதமாக எழுதுகிறேன். நன்றாகவே ஏமாற்றிக்கொள்ள முடிகிறது. மேலே இருக்கும் 2.40இல் டீ குடித்த நேரமும் சேர்த்தி.

இன்று தேர்வுத் தேதி தெரிந்துவிட்டது. ரயில்வே குரூப் டி. எனக்கு ஐந்தாவது தடவை, வயதுக் கணக்குப்படி கடைசித் தடவை. எனக்கு ஆகஸ்ட் 28. என் மனைவி அம்சவேணிக்கு 19. இரண்டு பேருக்கும் பாண்டிச்சேரியில்.

அம்சா பன்னிரண்டாவது வரை படித்தவள். வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். அவளுக்கு விண்ணப்பம் போட்டது நான்தான். "எனக்கு எதுக்குங்க?" என்றாள். துணைக்கு என்றேன். உண்மை வேறு. இந்தத் தேர்வு ஒரே நாளில் முடிவதில்லை. ஒரு மாதத்துக்கு மேல், நாளுக்கு மூன்று வேளை நடக்கும். முதலில் எழுதி வருகிறவர்கள் நினைவில் நிற்கும் கேள்விகளைச் சொல்வார்கள், பிறகு எழுதப் போகிறவர்கள் குறித்துக்கொள்வார்கள். அதே கேள்வி வராது, அதே மாதிரி வரும். அம்சாவுக்கு ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், மறக்காது. அவளுக்கு எனக்கு முன்னால் தேதி விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். விழுந்துவிட்டது.

விண்ணப்பத்தில் அவளுக்கும் என் மொபைல் எண்ணையே கொடுத்திருக்கிறேன். அவளிடம் இருப்பது பட்டன் போன். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 9

படித்தது: 3 மணி. டீ நீங்கலாக.

பட்டறையில் இன்று விளக்கு பேக்கிங். பீங்கான் அகல் விளக்கை வைக்கோலில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, வெளியே "உடையும் பொருள்" என்று எழுத வேண்டும். பதினோரு வருடமாக எழுதுகிறேன். விருத்தாசலத்தில் என்னைவிட அழகாக அதை எழுதுகிறவன் கிடையாது.

மாலையில் வழக்கம்போல அம்சா தையல் மிஷின் பலகையில் கேள்விப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அவள் கேட்பாள், நான் பதில் சொல்வேன். கல்யாணமான நாளிலிருந்து நான்கு வருடமாக இதுதான் எங்கள் வீட்டு டிவி சீரியல்.

"ஒரு தொட்டிய ஒரு கொழா எட்டு மணி நேரத்துல ரொப்புது, இன்னொண்ணு பன்னண்டு மணி நேரத்துல. ரெண்டையும் தொறந்து வுட்டா?"

நான் பேப்பரை எடுத்து 24 என்று எழுதினேன். அதற்குள் அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நாலு மணி நாப்பத்தெட்டு நிமிசம்" என்றாள்.

"பின்னாடி விடையப் பாத்துட்டுச் சொல்றியா?"

"பாக்கலிங்க. நாலு வருசமா இதே தொட்டியத்தான ரொப்பிக்கிட்டு இருக்கீங்க. எனக்கே நெறஞ்சி போச்சி."

சிரித்தேன். அப்புறம், நான் சொல்வதற்கு முன்னால் வாயைத் திறக்காதே என்றும் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 19

காலை ஐந்து மணி பஸ்ஸில் பாண்டிச்சேரி போனோம். தேர்வு மையத்து வாசலில் தோடு, வளையல், கொலுசு எல்லாம் கழற்றச் சொன்னார்கள். அவள் கழற்றி என் கைக்குட்டையில் வைத்தாள். "பயமா இருக்குதுங்க" என்றாள். பயப்படாதே, கேள்வியை மட்டும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள் என்றேன். நன்றாக எழுது என்று சொல்லவில்லை. அது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் எழுதினேன். கடலூர் தாண்டும்போது ஐம்பது. வடலூரில் அறுபத்து மூன்று. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "இன்னொண்ணு இருக்குதுங்க, அந்த லென்சு கேள்வி" என்றாள். மொத்தம் எழுபத்தொன்று.

"போதுமாங்க?" என்று கேட்டாள். எனக்கு ஒரு சின்ன வேலை செய்து முடித்தவள் கேட்பது போலக் கேட்டாள்.

"நீ எப்படி எழுதின?" என்று நான் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 28

எழுதினேன். அவள் கொண்டு வந்ததில் ஒன்றுகூட வரவில்லை.

தொட்டி வந்தது. கூடவே அடியில் ஓட்டை போட்டிருந்தார்கள். நான் நாலு மணி நாற்பத்தெட்டைத் தேடினேன். விடைகளில் அது இல்லை.

செப்டம்பர் 15

விடைக் குறிப்பு வெளியிட்டிருக்கிறார்கள். பட்டறை மதிய இடைவேளையில் போனில் பார்த்தேன். எனக்கு 58 வருகிறது. அம்சாவுடையதையும் திறந்து பார்த்தேன். என்னைவிடக் கொஞ்சம் கூட.

வீட்டில் கேட்டாள். "எனக்கு அறுபது பக்கம் வரும், உனக்கும் அப்படித்தான்" என்றேன். "பரவால்லியே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நவம்பர் 3

படித்தது: இல்லை.

உடல்திறன் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்களின் பட்டியல் வந்துவிட்டது. நூலகத்தில் என்னோடு படிக்கும் நசீர்தான் போன் செய்தான். அவன் எண் இருக்கிறது. பத்து வயது சின்னவன்.

என் எண் இல்லை. மூன்று தடவை தேடினேன். போனில் எண்ணை அடித்தாலே காட்டிவிடும், இல்லையென்றால் இல்லை. இருந்தும் பக்கம் பக்கமாக விரலால் தள்ளிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்சா மிஷினை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, பேச்சை மாற்றுவதற்காகத்தான் என்று நினைக்கிறேன், "என்னுது பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நான் வேறொன்றும் சொல்லவில்லை. நான் பொய் சொல்லவில்லை.

நவம்பர் 4

எண்பத்தேழாம் பக்கம், மூன்றாவது வரிசை, மேலிருந்து ஆறாவது. அவள் எண்.

அவளுக்கு 74.

நவம்பர் 6

யாரும் படிக்காத நோட்டில் என்னத்துக்கு மழுப்ப வேண்டும். சொல்லிவிடலாம் என்று நேற்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை உப்பு கேட்டேன். ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டேன். மூன்றாவது தடவை எதுவும் கேட்கவில்லை.

அவளுக்கே நல்லது என்று காரணம் தேடிப் பார்த்தேன். குரூப் டி என்றால் பெரும்பாலும் தண்டவாளப் பராமரிப்பு, வெயிலில் கடப்பாரை தூக்குகிற வேலை. எந்த ஊரில் போடுவார்களோ. அதற்கு முன்னால் இருபது கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு நூறு மீட்டர் நடக்க வேண்டும், ஆயிரம் மீட்டரை ஐந்து நிமிடம் நாற்பது வினாடியில் ஓட வேண்டும். இவள் பஸ்ஸுக்குக்கூட ஓடி நான் பார்த்ததில்லை.

இந்தக் காரணமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியலைப் பார்த்த அந்த நிமிடத்தில் இதில் ஒன்றும் என் நினைவில் இல்லை. பட்டறையில் என்ன சொல்வார்கள் என்பதுதான் இருந்தது. "கொளஞ்சி ரயில்வே ரயில்வேன்னு அலைஞ்சான், அவன் பொண்டாட்டி போயிட்டா, இவன் வெளக்கு சுத்திக்கிட்டு இருக்கான்" என்பார்கள். அந்தச் சிரிப்பு இப்போதே என் காதில் கேட்கிறது. எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

நவம்பர் 9

காலையில் பால் வாங்கப் போனபோது பள்ளி மைதானத்தில் நசீர் மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். ஆண்களுக்கு முப்பத்தைந்து கிலோ. மூச்சு வாங்க என்னிடம் வந்தான்.

"அண்ணிக்கு என்ன ஆச்சிண்ணே? பட்டியல்ல இருக்குதா?"

"அவ சும்மா எழுதினாடா. தொணைக்கு."

"நீங்க அன்னிக்கி காட்டுன எழுவத்தோரு கேள்வியும் அவங்க சொன்னதுதானண்ணே? அம்புட்டு ஞாபகம் வச்சிக்கிட்டு வந்தவங்களுக்கா வரல?"

பால் திரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மழைக்காலக் காலை ஆறரை மணிக்குப் பால் எங்கே திரிகிறது.

நவம்பர் 12

என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அன்புள்ள அம்சவேணி, உங்கள் உடல்திறன் தேர்வு நவம்பர் 26, சென்னை.

அழிக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். அழிக்கவில்லை.

நவம்பர் 16

அம்சா கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கூப்பிட்டாள். மணவாளநல்லூர், மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அவர் பெயர்தான், எனக்கும். அங்கே குறையைத் தாளில் எழுதிப் பிராது கொடுப்பது வழக்கம். சாமி முன்னால் வைத்துப் பூசை செய்து மடித்துத் தருவார்கள். அதை முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். திருடு போன மாட்டிலிருந்து சேராத புருஷன் பெண்டாட்டி வரை எல்லா வழக்கும் அங்கே தொங்குகிறது.

"என்னா பிராது?" என்றேன்.

"ஒங்களுக்குத்தான். வயசு முடிஞ்சிட்டா என்னா, வேற எதனா ஒரு வேல வராதா? நீங்களே எழுதுங்க. ஒங்க கையெழுத்துதான் நல்லா இருக்கும்."

பேனாவை என் கையில் கொடுத்தாள். அவள் சொன்னாள், நான் எழுதினேன். பஸ்ஸில் அவள் சொன்னதை எழுதினேனே, அதே மாதிரி. "என் வீட்டுக்காரர் நாலு வருசமா கண்ணு முழிச்சிப் படிச்சாரு. அவருக்கு ஒரு கொறையும் இல்ல. யாருக்கும் ஒரு துரோகமும் பண்ணதில்ல. அவரு மனசு ஒடைஞ்சி போயிருக்குது. சாமிதான் பாக்கணும்."

"துரோகமும்" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்துவிட்டது என்று உதறினேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து வேறொரு பேனா எடுத்துக் கொடுத்தாள். என் கையால் எழுதி, என் கையால் கட்டிவிட்டு வந்தேன். எத்தனையோ வேல்கள், எத்தனையோ தாள்கள். அதில் பச்சைப் பொய் என்னுடையது ஒன்றுதான் என்று தோன்றியது. அங்கேயே விழுந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். தேங்காய் மூடியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 17

சொல்லிவிட்டேன்.

முழுதாக இல்லை. காலையில் அவள் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது, "கூடுதலா ஒரு பட்டியல் வுட்டுருக்கான். அதுல உன் நம்பர் இருக்குது. இருவத்தாறாந்தேதி சென்னையில" என்றேன்.

கரண்டியோடு அப்படியே நின்றாள். "ஒங்களுது?" என்று கேட்டாள். முதலில் அதைத்தான் கேட்டாள்.

"இல்ல."

"நெசமாவே எனக்கா?" என்றாள். பிறகு சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "சாமி நேத்து குடுத்த பிராதுக்கு ஆளு மாத்திக் குடுத்துட்டாருங்க" என்று அழுதுகொண்டே சிரித்தாள். நான் சாமி மேல் பழியைப் போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். பதினான்கு நாளை அவர் தலையில் கட்டிவிட்டேன்.

நவம்பர் 18

பள்ளி மைதானம், காலை ஐந்தரை. ஒரு சுற்று இருநூறு மீட்டர், ஐந்து சுற்று. சுடிதாரும் என் கேன்வாஸ் ஷூவும். போன தடவை எனக்கு உதவும் என்று வாங்கி, தேர்வில் ஓட வாய்ப்பில்லாமல் பட்டறைக்குப் போட்டுப் பழசான ஷூ. அவளுக்குப் பெரிது. முனையில் ஜாக்கெட் வெட்டுத்துணியைத் திணித்துக்கொண்டாள். புதிதாக வாங்கலாம் என்றேன். "புதுசு கடிக்கும். பழக எங்க நாளு இருக்குது?" என்றாள்.

மூட்டை அவளுக்குப் பொருட்டே இல்லை. ரேஷன் அரிசி தூக்குகிற மாதிரி இடுப்பில் ஏற்றிக்கொண்டு விறுவிறு என்று போய்விட்டாள். ஓட்டம்தான். கடைசிச் சுற்றை நடந்தாள். 7 நிமிடம் 12.

நவம்பர் 19

6.58. தொடை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வெந்நீர் வைத்து நான் ஒத்தடம் கொடுத்தேன். "என் ராசா" என்றாள். அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 21

6.24. நசீர் பக்கத்தில் ஓடிச் சொல்லிக் கொடுத்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, பட்டியல் தேதி பற்றி அண்ணியிடம் எதுவும் பேசாதே என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சரிண்ணே" என்றான். அதன் பிறகு அவன் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

நவம்பர் 22

6.12.

நவம்பர் 23

மழை. மைதானம் குளமாகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். தைக்க வேண்டிய ஜாக்கெட்டெல்லாம் கிடக்கிறது. கேட்டு வந்தவர்களிடம், "இருவத்தேழுக்கு மேல வாங்கக்கா, நான் ரயில்வேக்கு ஓடறேன்" என்றாள். இத்தனை சந்தோஷமாக அவளைப் பார்த்ததில்லை.

நவம்பர் 25

நேற்று 6.01. இன்று 5.54. நாளுக்கு ஏழு வினாடி குறைகிறது. இன்று மாலை ரயில்.

நவம்பர் 27

நேற்று எழுத முடியவில்லை.

சென்னையில் அந்த மைதானத்துக்குள் எங்களை விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியே புருஷன்களும் அப்பாக்களும் நின்றிருந்தோம். நேரம் குறிக்கக் காலில் சிப் கட்டி, பத்திருபது பேராக ஓட விட்டார்கள். மூட்டையை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற ஒரு பெண்ணிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவில் திரும்பி வேலிப் பக்கம் என்னைப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை. பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடினாள். அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. முகம் சிவந்து, வாய் திறந்து, யாரையும் பார்க்காமல் ஓடினாள்.

5.47. வேண்டியது 5.40.

இந்த ஓட்டத்துக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான். வெளியே வந்ததும் ஷூவைக் கழற்றி வெட்டுத்துணியை எடுத்து உதறினாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். குடித்தாள். ரயிலில் விழுப்புரம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதன் பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"எனக்கு முன்னாடி நின்ன பொண்ணு சேலம். மூணாந்தேதிலேருந்து ஓடுதாம். பட்டியலு ஒண்ணுதானாம்."

நான் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நானு எட்டு நாளு. அதுல ஒரு நாளு மழ."

அவ்வளவுதான். விருத்தாசலத்தில் இறங்கும்போது பையை நான் வாங்கப் போனேன். அவளே எடுத்துக்கொண்டாள்.

ஏழு வினாடி. ஒரு நாள் போதும். நான் வைத்திருந்தது பதினான்கு.

நவம்பர் 29

காலையில் எழுந்து பார்த்தால் அவள் இல்லை. கேன்வாஸ் ஷூவும் இல்லை. ஆறரைக்கு வியர்வையோடு வந்து, எதுவும் சொல்லாமல் மாவு கரைத்தாள். மணி பார்க்க என்னைக் கூப்பிடவில்லை.

டிசம்பர் 14

தினமும் ஓடுகிறாள். எத்தனை நிமிடம் என்று கேட்கத் தைரியம் இல்லை. என்னிடம் கோபமாகப் பேசுவதும் இல்லை. சோறு போடுகிறாள், காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பட்டறையில் இன்று இரண்டு விளக்கை உடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 2

புது அறிவிப்பு வந்திருக்கிறது. என் வயது தாண்டிவிட்டது. அம்சாவுக்கு இன்னும் நிறைய வருடம் இருக்கிறது.

சாயங்காலம் அவளே பேச்சை எடுத்தாள். "ஒங்க போன்ல பாரத்தத் தொறந்து குடுங்க" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் நான் அடித்தேன். மொபைல் எண் கேட்கிற இடத்தில் என் விரல் நின்றது.

நான் சொன்னேன். "அம்சா, அந்தப் பட்டியல் மூணாந்தேதியே வந்துடுச்சி. நான் அன்னிக்கே பாத்துட்டேன். கூடுதல் பட்டியல்னு ஒண்ணும் இல்ல. பொறாமைல மறைச்சிட்டேன்."

"தெரியும்" என்றாள். "ஓடறதுக்கு முன்னாடியே தெரியும். அந்த ஆத்தரத்துலதான் அம்மாம் வேகமா ஓடனேன். இல்லன்னா அஞ்சி அம்பதுதான் வந்துருக்கும்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, தன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அவளே அழுத்தினாள்.

மிஷின் பலகை மேல் கிடந்த பட்டன் போன் சிணுங்கியது. எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்து, ஆறு எண்களைச் சத்தமாகப் படித்தாள். அதிலும் ஓடிபி வருகிறது. எப்போதும் வந்திருக்கும்.

விண்ணப்பம் போன பிறகு கேள்விப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். "கேளுங்க" என்றாள். "தொட்டி வேணாம். வேற எதனா."

படித்தது: அவள், 2 மணி. நான் கேள்வி வாசித்தேன்.